காப்பு கட்டிய வாரத்தில் ஒரு நவுன் பாடம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வேனில் வந்த பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஒன்றாம் வகுப்பு வாசலில் செருப்புகளைச் சோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். பெரிய மிஸ் வந்து பக்கத்தில் நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையை ஊரே அப்படித்தான் சொல்லும். நான் அங்கே பதினோரு வருடமாக ஆயா. பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவது, சோற்று டப்பா திறந்து கொடுப்பது, மூக்கைத் துடைத்து விடுவது, கம்பளித் தொப்பி தொலைந்தால் தேடி எடுப்பது எல்லாம் என் வேலை. கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற மலை ஊர். ஐந்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் மீடியம்.

"நீ பத்தாவது பாஸ் தானம்மா?"

"ஆமா மிஸ். தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணேன்."

"மூணாங்கிளாஸுக்கு சாயங்காலம் ஸ்டடி ஹவர் பாக்க ஆளில்ல. வந்த பொண்ணுக மூணு பேரும் குளிரையும் மேகத்தையும் பாத்துட்டு ஓடிருச்சுக. நீ எங்க ஓடப் போற, ஒனக்கு இங்கதான வீடு. என்ன சொல்ற?"

கையில் ஒரு பிள்ளையின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலை சும்மா வராது என்றும் அவரே சொன்னார். கொடைக்கானலில் இருந்து தாளாளர் ஐயா வருவார், அவர் முன்னால் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பாடம் இங்கிலீஷ் கிராமர், நவுனும் அதன் வகைகளும். டவுனில் பி.ஏ. படித்த ஒரு பெண்ணும் கேட்டிருக்கிறாள், நான் சரியாக நடத்தாவிட்டால் அவளுக்குப் போய்விடும். "தீபாவளி லீவு முடிஞ்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வருவாரு. அதுக்குள்ள படிச்சுக்க."

எனக்கு இந்த வேலை வேண்டும் என்று அந்த நிமிடம் வரை தெரியாது. தெரிந்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகள் என்னை ஆயாம்மா என்பார்கள், அதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. ஆனால் அன்று மதியம் ஒரு பிள்ளைக்குத் தயிர்ச்சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டே, 'மிஸ்' என்று என்னைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்ததும் முகம் சூடாகிவிட்டது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

கணக்கு எடுக்கிற சின்ன மிஸ் ஒரு பழைய மூன்றாம் வகுப்பு நோட்டைக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் பிரித்தேன். தலைக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கிக்கொண்டிருந்தன. நவுன் என்றால் பெயர். அதுவரை கஷ்டமில்லை. அதற்குள் ஐந்து வகை. பாலசமுத்திரம் என்றால் அது ஒரே ஊர், மலையடிவாரத்தில் நான் பிறந்த ஊர், அதனால் ப்ராப்பர் நவுன். வெறுமனே ஊர் என்றால் எந்த ஊரும், அதனால் காமன் நவுன். எதைக் கொண்டு ஒரு சாமான் செய்கிறோமோ, கம்பளி, மரம், வெள்ளி, அதெல்லாம் மெட்டீரியல் நவுன். ஒரு கும்பலுக்கு மொத்தமாகப் பெயர் வைத்தால் கலெக்டிவ் நவுன். இதை நான் வேலியோரத்தில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். காட்டுமாடு ஒன்று நின்றால் அது காமன் நவுன். பத்துப் பதினைந்து சேர்ந்து வேலியை மிதித்துக்கொண்டு பூண்டுக்குள் இறங்கினால் அந்தக் கூட்டத்துக்கு ஹெர்ட் என்று பெயர், அது கலெக்டிவ்.

"ரெண்டு வகையும் பூண்டத்தான் மிதிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

கடைசி வகைதான் என்னைப் படுத்தியது. கண்ணால் பார்க்க முடியாதது, கையால் தொட முடியாதது, மனசுக்கு மட்டும் தெரிவது. பயம், கோபம், அன்பு. அப்ஸ்ட்ராக்ட் நவுன். மலையில் மேகம் இறங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது, கையில் பிடிக்க வரவில்லை. அது எதில் சேரும்? சாமி? காலையில் வேனுக்குக் காத்திருக்கும்போது சின்ன மிஸ்ஸிடம் கேட்டேன்.

"மேகம் கண்ணுக்குத் தெரியுதுல்லக்கா, அது அப்ஸ்ட்ராக்ட் இல்ல. முருகன்னா ஒருத்தரோட பேரு. ப்ராப்பர் நவுன். கேபிட்டல் லெட்டர் போட்டு எழுதணும்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. அதே நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போய் நின்று, "ஒன்னைய ப்ராப்பர்ல சேத்துட்டாங்கப்பா" என்று சொன்னேன். சிரிக்க வேண்டாம். நான் அப்படித்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்வேன்.

அங்கே நின்றபோதுதான் அந்த வேண்டுதலை வைத்தேன். இந்த வேலை கிடைத்தால் ஐப்பசி சஷ்டி ஆறு நாளும் காப்பு கட்டி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மௌன விரதம் இருக்கிறேன் என்று. காப்பு கட்டிச் சஷ்டி விரதம் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். பேசாமல் இருப்பது நானாகச் சேர்த்தது. எனக்கு அதைவிடக் கஷ்டமானது வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் மனசு கேட்கவில்லை. வேலை கிடைத்தால்தானே விரதம்? இந்தச் சஷ்டி தீபாவளிக்கு மறுநாளே தொடங்கிவிடுகிறது. தாளாளர் வருவது அதற்கும் பின்னால். அப்படியானால் அடுத்த வருடச் சஷ்டிக்குத்தான் நான் செலுத்த முடியும். ஒரு வருடம் சாமியைக் காக்க வைப்பதா? முன்கூட்டியே செலுத்திவிட்டால் என்ன? நான் செய்துவிட்டேன் என்றால் அவர் செய்யாமல் இருக்க முடியுமா? இப்போது யோசித்தால் அது பக்தி மாதிரித் தெரியவில்லை, சாமியின் கையைப் பிடித்து முறுக்கியது மாதிரித்தான் இருக்கிறது. அன்று எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

தீபாவளிக்கு மறுநாள் வெள்ளனே குளித்து, ஈரத்தலையோடு கோயிலுக்குப் போனேன். பூசாரி மஞ்சள் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டினார். ஆறாம் நாள் சாயங்காலம் சூரசம்ஹாரம் முடிந்துதான் அதை அவிழ்க்க வேண்டும்.

"ஆறு நாளு வீடு நிம்மதியா கெடக்கும்" என்றார் வீட்டுக்காரர். "சாமிக்கு எம்மேல இம்புட்டு இரக்கம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

வெளியே பேச்சு நின்றதும் உள்ளே ஆரம்பித்தது. சரவணபவ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்காருவேன். நாலாவது தடவை சொல்லும்போது கலெக்டிவ் நவுன் வந்து நிற்கும். பால் காய்ச்சினால் பால் மெட்டீரியல், சட்டி காமன். பொங்கி வழிந்தால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, இப்போது எனக்கு வருகிற எரிச்சல் அப்ஸ்ட்ராக்ட் என்று தோன்றும். திருநீறு எடுத்து நெற்றியில் வைக்கும்போது அதையும் ஒரு வகையில் சேர்த்துவிட்டுத்தான் கை இறங்கும். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் பெரிய மிஸ்ஸிடம் இருந்து போன் வந்தது. நான் எடுக்க முடியாது. வீட்டுக்காரர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ்ஸுங்களா? நான் அவ வீட்டுக்காரன் பேசுறேனுங்க."

"அவகிட்ட குடுங்க."

"குடுத்தாலும் பேச மாட்டாளுங்க."

"ஏன், வீட்டுல சண்டையா?"

"சண்டைன்னா பேசுவாளுங்களே."

நான் அவர் தோளில் அடித்தேன். விரதம் என்று அவர் சொல்வதற்குள் பெரிய மிஸ் அவசரமாக விஷயத்தைச் சொல்லிவிட்டார். தாளாளர் ஐயாவுக்கு அடுத்த வாரம் வெளியூர் வேலை. அதனால் முன்னாலேயே வருகிறார். இன்னும் மூன்று நாளில், காலை பதினோரு மணிக்கு. சொல்லிவிடுங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

விரலை மடக்கி எண்ணினேன். மூன்று நாள் என்றால் சஷ்டி ஐந்தாம் நாள்.

அந்த வேலைக்காக நான் எடுத்த விரதமே அந்த வேலைக்குக் குறுக்கே நின்றது. அழுகையும் வந்தது, சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது. வீட்டுக்காரருக்கே பாவமாகப் போய், சட்டையை மாட்டிக்கொண்டு பூசாரியைப் பார்க்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பூசாரி கோயில் படியில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"காப்பு கட்டுனது நானு. பேச மாட்டேன்னு சொன்னது அவுக. அந்தப் பேச்சுவார்த்தையில நான் இல்லையே. அவுக யாருகிட்டச் சொன்னாகளோ அவருகிட்டத்தான் கேக்கணும்."

"கேக்கணும்னாலும் வாயத் தொறக்கணும்ல?" என்றார் இவர்.

"அவருக்கு வாயத் தொறக்காமச் சொன்னாலும் கேக்கும்."

"கேக்கும், கேக்கும். ரெண்டு பொண்டாட்டி கட்டுன சாமி. பேசாத பொண்டாட்டியோட அருமை அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

பூசாரி சிரித்ததில் தேங்காய் கைநழுவிப் படியில் உருண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்ச் சன்னிதியில் நின்றேன். நான் பேசலாமா என்று கேட்டேன். விளக்குத் திரி ஆடிக்கொண்டே இருந்தது, வாசல் வழியாகச் சாரல் காற்று வந்ததால் ஆடியது. அதில் நான் எதையும் படித்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தது. வேனில் நான் வாய் திறக்காததைப் பிள்ளைகள் முதல் நிறுத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஆயாம்மா நாக்க யாரு எடுத்துட்டுப் போனா?"

"சாமி வாங்கி வச்சிருக்கு" என்றாள் என்னோடு வேலை பார்க்கிற மூத்த ஆயா. "வெரசா ஏறு, இல்லன்னா ஒன் நாக்கையும் கேக்கும்."

அந்தப் பிள்ளை வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஏறியது.

பெரிய மிஸ்ஸிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விரதம் இன்ன நாள் வரை, பேச முடியாது, பலகையில் எழுதியும் சாமான்களைக் காட்டியும் நடத்துகிறேன், வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள் என்று. எழுதுவதும் பேச்சுத்தானோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. எழுதினால் தப்பில்லை என்று நானே வைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பாடம் எடுக்குற வேலைக்கு வாயத் தொறக்காம வரேங்குற. தாளாளர் சாருக்கு இந்த விரதம், கிரதம் எல்லாம் ஆகவே ஆகாது. சாமிய கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வான்னு சொல்ற ஆளு." தாளை நாலாக மடித்து மேசை டிராயருக்குள் போட்டார். "சரி வா. நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவரும் சொல்லவில்லை. நான் தாளில் எழுதியாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு கூடையில் பூண்டுத் தலை, கம்பளி நூல் உருண்டை, மரக்கரண்டி, வெள்ளிக் கொலுசு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னார்கள். எனக்கா, பின்னால் வந்த தாளாளர் ஐயாவுக்கா என்று தெரியவில்லை. அவர் ஸ்வெட்டரும் மப்ளருமாக, பெரிய உருவம், அமைதியான முகம். பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் கும்பிட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார்.

பெரிய மிஸ் முந்திக்கொண்டார். "சார், இவங்களுக்குத் தொண்டை கட்டிருச்சு. டாக்டர் ஒரு வாரம் பேசவே கூடாதுன்னுட்டாரு. இருந்தாலும் வந்தே தீருவேன்னு வந்திருக்காங்க. போர்டுல எழுதி நடத்துவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். இல்லை என்று தலையாட்ட வாய் வேண்டியதில்லை. கையில் சாக்பீஸ் வேறு இருந்தது. விரதம் என்று நாலு எழுத்தைப் பலகையில் எழுதியிருந்தால் முடிந்தது. என் தலை ஆமாம் என்று அசைந்தது. விரதம் அசைக்கவில்லை, நான்தான் அசைத்தேன்.

பிறகு பாடம் நடந்தது. ஒரு பையனைச் சுட்டிக் காட்டினேன், அவன் தன் பெயரைக் கத்தினான். அடுத்தவளைக் காட்டினேன், அவளும் கத்தினாள். பலகையில் ப்ராப்பர் நவுன் என்று எழுதினேன். பிறகு இருவரையும் சேர்த்துக் கையால் வளைத்துக் காட்டினேன். "சில்ட்ரன்!" என்றார்கள். காமன் நவுன். கரண்டியைத் தட்டிக் காட்டி அது எதில் செய்தது என்று கையை விரித்தேன். "வுட்! வுட்!" கொலுசைக் குலுக்கினேன். "சில்வர்!" பலகையில் கொம்பு வைத்து ஒரு காட்டுமாடு வரைந்தேன். பக்கத்தில் இன்னும் பத்து வரைந்தேன். ஒரு பெண் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று "ஹெர்ட் மிஸ், ஹெர்ட்!" என்றாள்.

மிஸ் என்றாள். எனக்கு ஒரு நொடி கை நின்றுவிட்டது.

கடைசி வகைக்கு எதையும் கூடையில் இருந்து எடுக்க முடியாது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு, கண்ணை உருட்டி, மூலையில் போய் ஒண்டினேன். "ஃபியர்!" இடுப்பில் கை வைத்து மூச்சு விட்டேன். "ஆங்கர்!" வகுப்பே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தாளாளர் ஐயா எழுந்து நின்று கை தட்டினார். பெரிய மிஸ்ஸிடம், "இதத்தான் நான் எல்லா டீச்சருக்கும் சொல்றேன். டீச்சர் பேசக்கூடாது, பிள்ளைங்க பேசணும்" என்றார். பிறகு என்னிடம் வந்து, "தொண்டை வலியோட இவ்வளவு சின்சியரா வந்திருக்கீங்க. அடுத்த மீட்டிங்ல உங்களைப் பத்தி நான் சொல்லப் போறேன்" என்றார். மதியம் அவருடைய டிரைவர் ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து கொடுத்தார். தொண்டைக்கு நல்லது, சுடுதண்ணியில் கலந்து குடிக்கச் சொன்னாராம்.

வேலை கிடைத்துவிட்டது. விரதமும் முறியவில்லை. நான் கேட்டதும் நேர்ந்ததும் இரண்டும் நடந்துவிட்டன. வீட்டுக்கு வந்து தேன் பாட்டிலை அலமாரியில் வைத்தேன். அங்கே வைத்தால் சாமி படத்துக்கு நேராக இருந்தது. எடுத்து அடுப்பங்கரையில் வைத்தேன். வீட்டுக்காரர் கேட்டார், "தேன் எதுக்குடி?" அவருக்கு எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

ஆறாம் நாள் சம்ஹாரம். தாரை தப்பட்டைச் சத்தம், மழைத் தூறல், களிமண் தலை வைத்த சூரன் சாய்ந்ததும் ஊரே அரோகரா என்றது. பூசாரி காப்பை அவிழ்த்தார். முதல் வார்த்தை முருகா என்று சொல்ல வேண்டும் என்று ஆறு நாளும் நினைத்து வைத்திருந்தேன். சொன்னேன். சொன்ன பிறகு கும்பிட்ட கையை இறக்கவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை. மூத்த ஆயா இடித்தாள். "பேசு புள்ள, ஆறு நாளு வட்டியும் சேத்துப் பேசு."

மறுநாள் காலையில், மணி அடிக்கும் முன்னாலேயே, பெரிய மிஸ்ஸின் அறைக்குப் போனேன்.

"மிஸ், தாளாளர் ஐயாகிட்டச் சொல்லிரலாம் மிஸ்."

"எத?"

"எனக்குத் தொண்ட கட்டலங்கறத."

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "எதுக்கு இப்ப? முடிஞ்சு போச்சு. பாடம் நல்லாத்தான எடுத்த? அதுல பொய் ஏதும் இருந்துச்சா?"

"அதுல இல்ல மிஸ். அவரு தேன் குடுத்து விட்டிருக்காரு. மீட்டிங்ல பேசுறேங்கறாரு."

"பேசட்டுமே."

"எனக்குச் சாமி முன்னாடி நிக்க முடியல மிஸ்."

"நான் பொய் சொன்னது ஒனக்காக. நீ உண்மையச் சொல்றது யாருக்காக? ஒனக்குச் சாமி முன்னாடி நிக்கணும். எனக்கு அந்த மனுஷன் முன்னாடி நிக்கணுமே, ரிட்டயராகுற வரைக்கும், இன்னும் நாலு வருஷம்."

"உங்களப் பத்திச் சொல்ல மாட்டேன் மிஸ். எனக்கு விரதம்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை டி போட்டது அன்றுதான். அதில் கோபம் பாதி, இன்னொரு பாதி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "போ. போய் சோலியப் பாரு."

அன்று சாயங்காலமே ஸ்டடி ஹவர் எடுக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் மிஸ் மிஸ் என்றார்கள். தண்ணி குடிக்கணும் மிஸ், பென்சில் ஒடஞ்சிருச்சு மிஸ், இவன் கிள்ளுறான் மிஸ். எவ்வளவு ஆசைப்பட்ட வார்த்தை! ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் சேலை முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன், வேறு யாருடைய சேலையையோ உடுத்திக்கொண்டு வந்த மாதிரி. தேனைத் திறக்கவில்லை. பெரிய மிஸ் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் நடந்தேன். சொல்லத்தான் வேண்டும் என்று காலையில் முடிவாகும். சொல்லக் கூடாது, எனக்கு வாழ்வு கொடுத்தவரைக் காட்டிக் கொடுப்பதா என்று மதியம் முடிவாகும். அடுத்து வேனில் ஏறும்போது மறுபடியும் முதலில் இருந்து.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தாளாளர் ஐயா வந்தார். சாயங்காலம், பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார். பக்கத்தில் பெரிய மிஸ்.

"தொண்டை எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்கய்யா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது உண்மைதான். "அன்னைக்கும் நல்லாத்தாங்கய்யா இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "சஷ்டிக்குப் பேசாம விரதம் இருந்தேனுங்க. தொண்ட கட்டல. நீங்க கேக்கும்போது ஆமான்னு தலையாட்டிட்டேன். தப்புத்தானுங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் பெரிய மிஸ்ஸே பேசினார். "நான்தான் சார் அப்படிச் சொன்னேன். விரதம்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு."

"ஒத்துக்க மாட்டேன்தான்" என்றார் அவர். மப்ளரை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். மேகம் வராந்தா வரை வந்துவிட்டது.

"அப்ப நீங்க பேசி நான் இன்னும் கேக்கவே இல்லையே. வாங்க, இப்ப நடத்துங்க. அதே பாடம்."

உள்ளே போனேன். அவர் அதே பின்பெஞ்சில் உட்கார்ந்தார். கூடை இல்லை, கொலுசு இல்லை. "நவுன் ஈஸ் எ நேமிங் வேர்டு" என்று ஆரம்பித்தேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, எங்கெங்கோ கிறீச்சிட்டது. கலெக்டிவ் என்ற வார்த்தை இரண்டு தடவை நாக்கில் மடங்கியது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக என்னையே பார்த்தார்கள். ஒருவரும் பெஞ்சில் ஏறவில்லை. பாதியில் பொறுக்காமல் சாக்பீஸை எடுத்துக் காட்டுமாடு வரைந்தேன், அப்போதுதான் கொஞ்சம் சத்தம் வந்தது.

முடிந்ததும் அவர் வெளியே வந்து சொன்னார். "அன்னைக்கு நடத்துனது நல்லா இருந்துச்சு. இது சுமார்தான். ப்ரொனன்சியேஷன் சரியில்ல. அந்தப் பி.ஏ. பொண்ணுகிட்ட இன்னும் இல்லன்னு சொல்லல. அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் நீங்க பாருங்க. பிள்ளைங்க எப்படி எழுதுறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்." பெரிய மிஸ்ஸிடம், "ஆபீஸ் ரூமுக்கு வாங்க மேடம்" என்றார். மேடம் என்று அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

ஜீப் போன பிறகு பெரிய மிஸ் என்னைத் தாண்டிப் போனார். நின்று திரும்பினார்.

"இப்ப நிம்மதியா?"

"இல்ல மிஸ்."

"எனக்கும் இல்ல. போ, மூணாங்கிளாஸ்ல சத்தம் கேக்குது."

அரையாண்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நவுனுக்கு மட்டும் ஐந்து கேள்வி வருமாம். சின்ன மிஸ்ஸிடம் காலையில் வேனுக்கு முன்னால் உச்சரிப்பு கற்றுக்கொள்கிறேன். கலெக்டிவ் இப்போது மடங்குவதில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எல்லா வகையும் தெரியும். மீதிப் பாதி மெட்டீரியலையும் காமனையும் போட்டுக் குழப்புகிறது, ஒரு பையன் எதைக் கேட்டாலும் ஹெர்ட் என்கிறான். தாளாளர் ஐயா மீட்டிங்கில் என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெரிய மிஸ் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். நேற்று என் கையில் ஒரு பழைய டிக்‌ஷ்னரியை வைத்துவிட்டுப் போனார்.

கோயிலுக்குப் போகிறேன். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை, எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. ஒன்றும் கேட்காமல் அவர் முன்னால் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன். பூசாரி திருநீறு கொடுத்ததும் வந்துவிடுகிறேன், வேனுக்கு நேரமாகிவிடும்.